அவிழ்க்காத காப்பு

1976, 1977, 1978. மூன்று ஆண்டும் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். மூன்று ஆண்டும் விரதத்தை முடித்துவைக்கும் இடும்பன் பூசை முடிந்து, பூசாரி என் மணிக்கட்டுக் காப்பை அவிழ்த்த அன்றே சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்தேன். இதில் நான் விதிவிலக்கல்ல. ஆயர் தாவார் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆண்கள் காப்புக் கட்டினால் குடியை நிறுத்துவார்கள், அவிழ்த்தால் தொடங்குவார்கள். சாமியைவிட அந்த மஞ்சள் கயிற்றுக்குத்தான் பயந்தோம்.

சம்சு கொண்டுவந்து விற்றவன் எங்கள் மண்டோர், பால் வெட்டுகிறவர்களை மேற்பார்வை பார்ப்பவன். ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 1978 இடும்பன் பூசையன்று கோயிலுக்கு வெளியே புட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

“காவடி ஆடுனேல்ல மச்சான்? இதுக்கும் ஒரு ஆட்டம் ஆடு லா, தாரேன்.”

ஆடினேன். கூட்டம் கை தட்டியது. ஒன்பது வயது மகள் பக்கத்தில் நின்ற தோழியிடம், “அது எங்கப்பா இல்ல” என்றாள்.

அடுத்த விரதத்தில் முருகன் கவசத்தை வேறு மாதிரி சொல்லத் தொடங்கினேன். ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டும் என்று கேட்கும் பாட்டு அது. வேகமாகச் சொன்னால் வாய் மட்டும் ஓடும். அதனால் விடியுமுன் உட்கார்ந்து, ஒரு வரி சொல்லி, அந்த உறுப்பைக் கண்மூடிப் பார்ப்பேன். கண் மஞ்சள் பூத்திருந்தது. தொண்டை எரிந்தது. கை, பால் வெட்டும் கத்தி நிற்காத அளவுக்கு நடுங்கியது. பகைவரைக் கட்டு, மிதி என்று கேட்கும் இடம் வந்ததும் நடுக்கம் நின்றது. அங்கே மண்டோர் முகத்தை வைத்தேன். கயிறு போட்டு இறுக்கினேன். மனம் அடங்க வேண்டும் என்று சொல்லும் நூல்கள் நிறையப் படித்திருக்கிறேன். என்னைக் குடிக்காமல் வேலைக்கு அனுப்பியது ஆத்திரம்தான்.

1979. பூசாரி காப்பை அவிழ்க்கக் கையைப் பிடித்தார்.

“வேணாம் சாமி. இருக்கட்டும்.”

“படையல் போட்டாச்சிப்பா. அவுக்காட்டி கறிகூட திங்க முடியாது.”

“திங்கல.”

புட்டியோடு நின்றிருந்த மண்டோர் சிரித்தான். “எத்தன நாளைக்கி? கயிறு தானா அந்துபோவும் லா. நான் எங்கயும் போவல.”

அறுந்துதான் போனது, ஐந்தாம் மாதம். புதியதை நானே கட்டிக்கொண்டு, அவன் வீட்டு வாசல் வழியே கையை வீசி நடந்தேன்.

தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்ததும் நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அங்கே ஜெலாப்பாங்கில் எனக்குத் தொழிற்சாலை வேலை. 1984 தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் எங்கள் வீடு தேடி வந்தான். கால்கள் வீங்கியிருந்தன. வயிறு முன்னால் தள்ளியிருந்தது. விற்றதைத் தானும் குடித்திருக்கிறான்.

“ஈரல் போச்சின்னுட்டான் டாக்டர். அன்னிக்கி ஒன்ன ஆட வச்சேன்ல... மனசுல வச்சிக்காத மச்சான்.”

மனைவி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

“டீ ஆறுது” என்றேன்.

அவன் குடித்துவிட்டு எழுந்து போனான்.

“ஒரு வார்த்த சொல்லிருந்தா என்னா? பாவம் அந்தாளு” என்றாள் மனைவி.

“சொல்லிருக்கலாம்” என்றேன். மனதார மன்னிக்கவும் தயாராகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலை, வழக்கம்போல் கவசம் சொல்லிப் பகைவர் பகுதிக்கு வந்தபோது அந்த வீங்கிய கிழவன்தான் கண்ணுக்குள் வந்து நின்றான். கயிறு போட முடியவில்லை. கை நடுங்கத் தொடங்கியது. ஐந்து ஆண்டாக மறந்திருந்த சம்சுவின் காரம் நாக்கில் ஏறியது. முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, பக்கத்துச் சாராயக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யோசித்தேன்.

முதல் வரியிலிருந்து மீண்டும் தொடங்கினேன். அந்த இடம் வந்ததும், “அது எங்கப்பா இல்ல” என்ற குரலை முதலில் வரவழைத்தேன். அதன் பின்னால் அவன் வந்தான், பழைய முகத்தோடு, தலைக்கு மேல் புட்டியோடு. இறுக்கிக் கட்டினேன். கை நின்றது.

அந்த ஆண்டு ஆடியில் அவன் செத்த செய்தி வந்தது. மறுநாள் காலையும் அவனைக் கட்டினேன்.