பக்ருதீனின் கரிக் கார்

பெட்ரோலே குடிக்காத காரை ஆசியாவிலேயே முதலில் ஓட்டியவர் முத்தியால்பேட்டை பக்ருதீன்தான். சரி, ஆசியா என்றது கொஞ்சம் கூடுதல். அவர் தெருவையும் அடுத்த தெருவையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தெருவிலும் சத்தியமாக அவர்தான் முதல்.

பிரெஞ்சுக்கார அதிகாரி ஒருவரிடம் வருஷக்கணக்காக டிரைவராக இருந்தவர் பக்ருதீன். கப்பலேறும்போது அந்த மனிதர் தன் பழைய காரை இவரிடம் விட்டுப்போனார். கூடவே ஒரு பழக்கத்தையும். அதிர்ச்சி என்றால் பக்ருதீன் வாயில் முதலில் எசமானர் கடவுளைக் கூப்பிடும் "மோன் தியே!" வரும், அடுத்த மூச்சில்தான் "யா அல்லா!"

எழுபத்து நாலில் பெட்ரோல் விலை எகிறியபோது இரண்டும் சேர்ந்தே வந்தன. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவர் என்ன செய்வார்? உலகச் சண்டைக் காலத்தில் பஸ்கள் கரி வாயுவில் ஓடியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். காரின் முதுகில் ஒரு இரும்பு டிரம்மை வெல்டு வைத்துப் பொருத்தினார். உள்ளே அடுப்புக்கரி கனியும். அதன் வாயு, தேங்காய் நார் அடைத்த வடிகட்டி வழியாக இஞ்சினுக்குப் போகும். கார் ஓடியது! தெருவே வாயைப் பிளந்தது.

"இனிமே பெட்ரோல் பங்க்ல ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்றார் பக்ருதீன்.

அந்தப் பெருமையில்தான் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாளுக்கு வாக்குக் கொடுத்தார். அவள் மகள் கமலவேணி தலைப்பிரசவத்துக்காகக் கனகசெட்டிக்குளத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

"வலி எடுத்தா ஆள் அனுப்பு. அடுத்த நிமிஷம் கார் கெளம்பும்."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சைக்கிளில் ஆள் வந்தான். அடுத்த நிமிஷம் கார் கிளம்பவில்லை. கரியைக் கொட்டி, பற்றவைத்து, கை வலிக்க ஊதல் சக்கரத்தைச் சுற்றி, வாயு பிடிப்பதற்குள் அரைமணி நேரம். மனைவி மஹ்பூபா கரி கொட்ட உதவிவிட்டுத் தானும் துணைக்கு ஏறிக்கொண்டாள்.

போகும்போது கார் நன்றாகத்தான் போனது. கமலவேணியையும் கன்னியம்மாளையும் ஏற்றிக்கொண்டு திரும்புகையில், காலாப்பட்டு தாண்டியதும் இருமியது, முனகியது, நின்றேவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஐந்தாறு மைல். பின் சீட்டில் கமலவேணி அலறினாள்.

"இன்னா பாய், வண்டிக்கும் வலி எடுத்துடுச்சா?" என்றாள் கன்னியம்மாள். சொன்னவள் முகத்தில் சிரிப்பில்லை.

பக்ருதீன் ஓடிப்போய் வடிகட்டியைத் திறந்தார். "மோன் தியே!" நார் முழுக்கக் கறுப்புப் பிசின். தொட்டால் விரலோடு வருகிறது. முகர்ந்து பார்த்தார். தர்கா வாசலில் நிற்பதுபோல் இருந்தது. சாம்பிராணி!

"யா அல்லா!" மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையாச்சேங்க" என்றாள் மஹ்பூபா, கமலவேணியின் தலையை மடியில் தாங்கியபடி. "வீட்டுல ஒரு துண்டு நெருப்புக்கே போடுறோம். இம்மாந் நெருப்பு வெச்சிருக்கிற காருக்குப் போடாம இருக்கலாமா? கரி கொட்டுறப்ப ஒரு கை அள்ளிப் போட்டேன்."

பிசினைச் சுரண்டி, நார் மாற்றி, மறுபடி கனியவைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரம் கமலவேணியிடம் இல்லை.

கன்னியம்மாள் நடுரோட்டில் கையை விரித்து நின்றாள். ஊர் மீன் வியாபாரி இராமதாஸின் மோட்டார் சைக்கிள் அவளை இடிக்காத குறையாக நின்றது.

"டேய் இராமதாஸ், எறங்குடா! உன் வண்டில இருக்கிற பெட்ரோலக் குடு."

"யக்கா, எனக்கு மார்க்கெட்டுக்கு நேரமாச்சு..."

"நடந்து போ!"

கையோடு கொண்டுவந்த தூக்குப்பாத்திரத்துக் கஞ்சியைச் சாலையோரம் கவிழ்த்து, முந்தானையால் துடைத்து நீட்டினாள். இராமதாஸ் டியூபை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பி, முக்கால் தூக்கு நிரப்பினான்.

பக்ருதீன் கரிக் குழாயை அடைத்தார். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த டேங்கில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட்டரை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் இஞ்சின் உறுமியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெருப்பில்லை, ஊதலில்லை, சாம்பல் தட்டவில்லை. ஒரு மூட்டைக் கரி இழுக்காத காரை, கஞ்சித் தூக்கில் வந்த தண்ணிபோன்ற ஒன்று நாலு பேரோடு இழுத்துக்கொண்டு பறக்கிறது! "இவ்வளவூண்டா!" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கால்மணியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் பக்ருதீன் பெஞ்சில் உட்கார்ந்தார். கூடவே பழைய பெருமையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா கன்னியம்மா, கரி மேல தப்பே இல்ல. எல்லாம் இவ போட்ட சாம்பிராணி. அது மட்டும் இல்லன்னா கரியிலயே பறந்து வந்திருப்பேன்."

மஹ்பூபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"திங்கக்கிழமை மணிக்கூண்டுகிட்ட நின்னுச்சு. புதன்கிழமை உப்பளத்துல நின்னுச்சு. அந்த ரெண்டு நாளும் நான் சாம்பிராணி போடலீங்க."