மூன்றாவது மதிப்பீட்டாளர்

ஆராய்ச்சி செய்வது எப்படி என்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், தானே ஓர் ஆராய்ச்சியை எப்போதுதான் செய்வார்? எங்கள் அலுவலகத்து அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழும். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பயிலரங்கையும் அவரே அதில்தான் தொடங்குவார்: “நீச்சல் கத்துக்க வந்திருக்கீங்க. நான் கரையில நின்னு கத்துற ஆளு. பரவாயில்லையா?”

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் திறன் வளர்ப்பு மையம் என்பது இரண்டாம் மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு சக்கரம் கழன்ற வெள்ளைப் பலகை. இளம் ஆசிரியர்களின் கட்டுரை வரைவுகள் வரும். அக்கா பென்சிலால் ஓரத்தில் எழுதுவார். பெரும்பாலும் ‘சான்று எங்கே?’ என்ற இரண்டு சொற்கள். அவர் பெயரே ‘சான்று அக்கா’ ஆகிவிட்டது. புள்ளியியல் தெரிந்தவன் என்ற பெயரில் இரண்டாவது மேசையில் நான்; அக்காவைப் போலவே இணைப் பேராசிரியர். யார் எதைக் கேட்டாலும் ‘மாதிரி போதாது’ என்பேன். எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

அக்காவின் ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. பேராசிரியர் பதவிக்குச் சொந்தக் கட்டுரை ஒன்று குறைந்தது. மகள் வீட்டில் சீண்டுவாளாம்.

“அம்மா, நீ திருத்திக் குடுத்து எத்தன பேரு பேராசிரியர் ஆனாங்க?”

“பதினேழு.”

“நீ?”

“எனக்குத் திருத்த ஆள் கெடைக்கலடி.”

அந்த நேரத்தில் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. அக்காவின் பழைய ஓரக்குறிப்புகளைக் கொண்டு ஒரு கருவியைப் பழக்கச் சொன்னது நிர்வாகம். பழக்கினோம். அது அவருக்கு ஈடாகுமா என்று பார்ப்பதே கட்டுரை. பதவிக்கான கடைசி வாய்ப்பும் அதுதான். கருவி பார்த்திராத நாற்பது பழைய வரைவுகளை எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் அக்கா அன்று எழுதிய குறிப்பையும் கருவி எழுதியதையும் தட்டச்சு செய்து அருகருகே வைத்தோம். எது மனிதர் எழுதியது என்று மூன்று மதிப்பீட்டாளர்கள் சொல்ல வேண்டும்.

மூன்றாமவர் தேர்வுப் பணி என்று கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்.

“விடு தம்பி, நானே பாத்துடறேன்.”

எழுதியவரே மதிப்பிடக் கூடாது என்பது அவருடைய முதல் நாள் பாடம். நடத்தி நடத்தி அவருக்கு மறந்துவிட்டது. கேட்டுக் கேட்டு எனக்கு உறைக்கவில்லை.

முடிவு வந்தது. மற்ற இருவரும் அக்காவின் குறிப்புகளைப் பெரும்பாலும் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அக்கா மட்டும் தன்னுடைய நாற்பதில் முப்பத்தொன்றை இயந்திரம் என்று குறித்திருந்தார். ஒன்றின் பக்கத்தில் விளக்கம் வேறு: ‘நிச்சயம் இயந்திரம். படிக்காமலே கேள்வி கேட்கிறது.’

கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இருபத்திரண்டு வருஷமா ஒருத்தரும் சொல்லலியேப்பா!”

“பயந்தான் அக்கா.”

“நீயுமா?”

“நான்தான் முதல் ஆளு.”

சிரிப்பு அடங்கியதும் யோசனை சொன்னேன். “உங்க மதிப்பீட்ட எடுத்துடலாம். விதியே அதான? ரெண்டு பேர் போதும். கட்டுரையும் வந்துடும், பதவியும் வந்துடும்.” அதில் பொய் எதுவும் இல்லை. நேர்மையும் ஆதாயமும் ஒரே பக்கம் நிற்பது என் வாழ்க்கையில் அபூர்வம்; அதனால் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன்.

“சரியாத்தான் சொல்ற,” என்று கட்டுரையை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

திங்கட்கிழமை அது என் மேசையில் இருந்தது. அவருடைய மதிப்பீடுகள் அட்டவணையில் அப்படியே இருந்தன. கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘மனிதக் குறிப்புகளை எழுதியவரே மூன்றாவது மதிப்பீட்டாளர். அவரால் அவற்றை அடையாளம் காண முடியவில்லை.’ கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஆசிரியராக என் பெயர் மட்டும். அவருடையதை அடித்திருந்தார்.

“என்னக்கா இது?”

“அனுப்பிடு,” என்று அடுத்த வரைவை எடுத்தார்.

ஒரு மணி நேரம் மறுத்தேன். பிறகு அனுப்பினேன். அந்தக் கட்டுரையால் பேராசிரியர் ஆனவன் நான். அக்கா இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். ஏன் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார்.