ஆளில்லை என்று நான் எழுதிய வீடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊர் காஹாங்கில் ஆண்டுக் கடைசி மழைக்குச் சில வாரங்கள் இருந்தபோது தொடங்கியது இது. எங்கள் தாமான் குடியிருப்பின் வெள்ளத் தயார்நிலைக் குழுவில் நானும் ஒருவன். தண்ணீர் ஏறினால் யாரை முதலில் தூக்க வேண்டும் என்று பட்டியல் எடுப்பது என் பொறுப்பு. அதைப் பார்த்துத்தான் மீட்புப் படகு போகும்.

எனக்கு ஒரு பழக்கம். வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை. நம் வீடுகளில் யார் செருப்போடு உள்ளே போகிறார்கள், சொல்லுங்கள்? கடைசி வரிசையில் ஒரு வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. பேருக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். 'ஆளில்லை' என்று எழுதிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் தண்ணீர் புகுந்தது. படகில் வழிகாட்ட நானும் ஏறினேன். அந்த வீட்டருகே வந்ததும், "இது காலி வீடு, போலாம்" என்றேன். அப்போதுதான் நாங்கள் ஏற்றியிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பதறிப்போனார்.

"அடா ஓராங் லா!"

உள்ளே ஆள் இருக்கிறாராம்!

பின்னறைக் கட்டிலில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போனவர். கணவர் செனாயில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். சாலை மூழ்கித் திரும்ப முடியவில்லை. தண்ணீர் மெத்தையைத் தொட்டுவிட்டிருந்தது.

நானே தூக்கிப் படகில் உட்கார வைத்தேன். மனசு கேட்காமல், வாசலில் செருப்பில்லை என்று 'ஆளில்லை' எழுதியதைச் சொல்லிவிட்டேன்.

"அலமாக்! நடக்காத காலுக்கு யாருண்ணே செருப்பு வாங்குவா?" என்று அந்தப் பெண் சிரித்தார். பிறகு மெதுவாக, "அன்னிக்கு நீங்க கூப்பிட்டது கேட்டுச்சுண்ணே. 'இருக்கேன்'னு கத்துறதுக்குள்ள மோட்டார் சத்தம் போயிருச்சு" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு, தான் போர்த்தியிருந்த துண்டின் நுனியை நீட்டினார்.

"தொடைங்கண்ணே. யாராச்சும் கேட்டா மழத்தண்ணின்னு சொல்லிக்கலாம்."

வெள்ளம் வடிந்ததும் மாவட்ட அலுவலகக் கூட்டத்தில் எழுந்து, என் தவற்றை எல்லார் முன்னாலும் சொன்னேன். பக்கத்து வீட்டார் உறுதி சொல்லாமல் எந்த வீட்டையும் ஆளில்லை என்று எழுதக் கூடாது என்பது இப்போது எங்கள் குழுவின் விதி. அதை எழுதிக் கொடுத்தவர் அந்தப் பெண்தான்.

இன்றும் பட்டியலோடு போனால், கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிற்கிறேன். பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை உள்ளே இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், நான் இல்லை.