அடியில் காலி

ஆஸ்டின் டவுனில் சாக்கடைமேல் போட்ட கற்பலகை ஒவ்வொன்றையும் குடை நுனியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஜெயவேலு கால் வைப்பார். 1991இல் கோலார் தங்கச் சுரங்க வேலையை விட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்த நாள் முதல் அப்படித்தான்.

"என்னண்ணே, உள்ள ஆள் இருக்கானான்னு பார்க்கிறியா?" என்பார் டீக்கடை சுந்தரம்.

"இருந்தா உன் டீயைக் குடிச்சவனாத்தான் இருப்பான்."

மகள் சங்கமித்ரா பத்தடி தள்ளி, யாரோ போல நடப்பாள்.

அந்த வீட்டின் முதல் பட்டம் அவளுடையது. 2003இல் அல்சூரில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சனி, ஞாயிறுகளில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களைக் கார்வார் பக்கத்துக் கடலோரக் காடுகளில் நடக்கக் கூட்டிப்போவார்கள். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. சாமான் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது அவளேதான் அப்பா பெயரைச் சொன்னாள்.

அன்று பதினெட்டுப் பேர். அந்தக் காலத்தில் யானை கட்டி மரம் இழுத்த பாதையில் முதல் பாதி நடை. பிறகு, கைவிடப்பட்ட மாங்கனீசுச் சுரங்கத்துக்கு மேலே செம்பாறை வழியாகக் கடலுக்கு இறங்கும் குறுக்குவழி. மரம் கிரம் விழுந்து கிடக்கிறதா என்று பார்க்க, முதலாளி ரகுராம் ஜெயவேலுவைக் கடப்பாரையோடு முன்னால் அனுப்பினார்.

கடப்பாரை பாறையில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்: "காலி!"

"பாதை காலியாம், வாங்க வாங்க!" ரகுராம் கைதட்டினார்.

சங்கமித்ரா ஓடிப்போய் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். அவள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. சுரங்கத்துக்குள் பாறையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் காலி. உள்ளே வெறும் பள்ளம்.

"நில்லுங்க! யாரும் போகாதீங்க!"

"உங்கப்பாதானே காலின்னார்?"

"வழி காலின்னு சொல்லல சார். அடியில காலி."

"நான் பத்து தடவை நடந்த இடம்மா இது."

ஜெயவேலு திரும்பி வந்தார். கடப்பாரையைப் பாதையின் குறுக்கே போட்டு, அதன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க ஒத்தை ஆளா நடந்தீங்க. இவங்க பதினெட்டுப் பேரு."

"சங்கமித்ரா, அந்தாளை எழுப்பு. நாளைக்கு ஆபீஸ் வரணுமில்ல?"

அவள் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பாவின் காதை நம்பியா, 'அந்தாள்' என்ற சொல் சுட்டதாலா? அவளுக்கே தெரியவில்லை. இன்றும் அதைக் கேட்டுக்கொள்கிறாள்.

"போறதுன்னா எங்களைத் தாண்டிப் போங்க சார்."

யாரும் தாண்டவில்லை. கிருத்திகா என்ற பெண் முதலில் அந்த மரம் இழுத்த பாதைக்கே திரும்பினாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். அது கடலுக்குச் சுற்றுவழி, ஐந்து கிலோமீட்டர் கூடுதல். கடற்கரையில் சாப்பாடு சமைத்து வைத்திருந்த கேத்தரின் வீட்டை அடையும்போது மணி மூன்று, மீன் குழம்பு ஆறிப்போயிருந்தது. நடந்ததைக் கேட்டதும் கேத்தரின் முகம் மாறியது.

"என் மாடு ரெண்டும் அந்தப் பாறை மேலதானே மேயுது!" என்றாள் கன்னடத்தில்.

"மழைக்கு முன்னாடி வந்து நானே வேலி போட்டுத் தரேம்மா" என்றார் ஜெயவேலு, அவரும் கன்னடத்தில். "இது என் வாக்கு."

மறுநாள் இருவருக்கும் வேலை போயிற்று. அந்தப் பாறை பிறகு இடிந்ததா என்று பெங்களூரில் அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. "இடியலைன்னா நீங்க சொன்னது தப்புன்னு ஆயிடுமேப்பா" என்றாள் ஒருநாள்.

"இடிஞ்சு ஆள் செத்தாத்தான் நான் சொன்னது சரியா? அப்படி ஒரு சரி எனக்கு வேணாம் போ."

முள்கம்பிச் சுருள் ஒன்று வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தார். மார்புச்சளி விடவில்லை. இரண்டு மழை போனது. 2005இல் அவரும் போனார்.

சங்கமித்ரா இப்போது சந்தாபுராவில் இருக்கிறாள். வேறு வேலை. வீடு மாற்றும்போது சுருளும் லாரியில் வந்தது. கேத்தரினின் பாறையில் இன்னும் வேலி இல்லை.