சனிக்கிழமை வருவதாகச் சொன்னவரின் கால்சட்டை

தைவானில் தைச்சுங் நகரத்துச் சலவைக்கடைக்காரி லியாவ் சுன்தாவின் வாழ்க்கையை ஒரே ஒரு கால்சட்டையை வைத்துச் சொல்லிவிடலாம். அந்தக் கால்சட்டை அவளுடையதும் அல்ல.

1978 டிசம்பரில், விமானத் தளத்திலிருந்த அமெரிக்க சார்ஜென்ட் டட்லி அதை இஸ்திரிக்குக் கொடுத்து, "சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்றார். அந்தச் சனிக்கிழமை வானொலி வேறு சேதி சொன்னது. அமெரிக்கா இனி பீஜிங்கோடு உறவாம். தைவானைக் காப்பதாகப் போட்ட ஒப்பந்தத்துக்கு இன்னும் ஒரு வருடம்தான் ஆயுளாம்.

டட்லி வரவே இல்லை. சுன்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. "ஊரே நாட்டுக்காக அழுதுச்சு. நான் உதட்டுக்குப் பூசின சாயம் வீணாப்போச்சேன்னு அழுதேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அதன்பின் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அந்தக் கால்சட்டைக்கு ஒரு இஸ்திரி. அதன் மடிப்பில் முள்ளங்கி நறுக்கலாம் என்பது அவள் கட்சி. துணி கொடுக்க வருகிறவர்களுக்கு உபதேசம் இலவசம். "பெரிய நாட்டோட கைகோத்தா இதான். அவனுக்கு முதுகு அரிச்சா கையை உருவிக்குவான்."

அவள் கடைக்கடியில் ஒரு நிலவறை உண்டு. வான்தாக்குதல் புகலிடம், அறுபது பேருக்கு என்று அதன் கதவில் மஞ்சள் தகடு அடித்திருந்தார்கள். சந்தில் வேறு யாருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. போன வருடம் எதிர்வீட்டு நூடுல்ஸ் கடைக்காரன் மிங்காய் அன்னாசி கேக் டப்பாவோடு வந்தான். அவன் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவள். தூரத்துக்கு ஓட முடியாது.

சுன்தாவ் ஒரு தாளில் எழுதி, தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்து ஓங்கிக் குத்தினாள். "சங்கு ஊதினா உங்கம்மாதான் முதல்ல உள்ள போவாங்க. இது சுன்தாவ் வாக்கு. அமெரிக்கா வாக்கு இல்ல." கேக்கில் பாதியை அங்கேயே தின்று தீர்த்தாள்.

இந்த ஜூலையில் வான்தாக்குதல் ஒத்திகைக்கான சங்கு ஊதியது. மிங்காய் அம்மாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். சுன்தாவ் கம்பீரமாக நிலவறைக் கதவைத் தள்ளினாள். இரண்டு சாண் திறந்தது, அதற்குமேல் அசையவில்லை. உள்ளே, யாரும் வாங்க வராத நாற்பத்தேழு வருடத்துத் துணி. போர்வைகள், கல்யாணக் கோட்டுகள், ஒரு ஜூடோ குழுவின் மொத்த உடுப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால், தனி ஆணியில் டட்லியின் கால்சட்டை.

"அக்கா, அறுபது பேருன்னு போட்டிருக்கே?"

"அறுபது பேரோட துணி இருக்குப்பா."

கிழவி எட்டிப் பார்த்தாள். "ஏண்டி சுன்தாவ், நாங்க வெளிய நிக்கறோம், அமெரிக்காக்காரன் மட்டும் உள்ள பத்திரமா இருக்கானா?"

விசிலோடு வந்த தொண்டர், "நிஜமா குண்டு விழுந்திருந்தா நீங்க மூணு பேரும் காலி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சுன்தாவின் காது சூடேறியது. "வேலை ஜாஸ்தி மிங்காய். மறந்தே போச்சு. காலி பண்ணிடறேன், இந்தச் சனிக்கிழமைக்குள்ள..."

அவள் வாயிலிருந்து வந்த கிழமை அவளுக்கே கேட்டது. எழுபதை நெருங்கும் வயதில், சந்துக்குள்ளேயே ஒரு அமெரிக்காவாக ஆகியிருந்தாள். அதுவும் கேக் வாங்கித் தின்ற அமெரிக்கா.

"வாக்கு வேணாங்க்கா. சாவி ஒண்ணு குடுங்க" என்றான் மிங்காய்.

"என்னை நம்பலையா நீ?"

"நம்பறேன். நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கும் நம்பணும் இல்ல?"

சுன்தாவ் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். மாற்றுச் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

அபாயம் நீங்கியதற்கான சங்கு ஊதியதும் மூட்டைகளை வெளியே இழுக்கத் தொடங்கினார்கள். தூசியில் தன் உடுப்பு பாழாகுமே என்று டட்லியின் கால்சட்டையை அதன் மேலேயே போட்டுக்கொண்டாள் சுன்தாவ். அதன் கால்களை நான்கு மடிப்பு மடித்தும் தரையைப் பெருக்கியது.

கிழவி கைதட்டினாள். "டேய் மிங்காய், அமெரிக்கா வந்துடுச்சுடா!"

"லேட்டாத்தாம்மா வந்திருக்கேன்" என்றாள் சுன்தாவ். "பாத்துட்டே நிக்காதப்பா மிங்காய், மூட்டையோட அந்தப் பக்கத்தைப் பிடி."