மூன்று குழாய்க்கும் திருநீறு

என் முதுகலை ஆய்வு என்னவென்று கேட்பவர்களிடம் மணலுக்குள் பாக்டீரியாவை விட்டு அதைக் கல்லாக்குகிறேன் என்பேன். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். சிம்பாங் ரெங்கம் பக்கம் மழைக்கு மழை சரியும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டச் சாலையோரங்களைச் சிமெண்ட் இல்லாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பதுதான் கனவு. மண்ணில் வாழும் சாதுவான பாக்டீரியா அது. யூரியாவைக் கொடுத்தால் சிதைக்கும். கூடவே கால்சியம் கரைசலை ஊற்றினால் மணல் பருக்கைகளுக்கு நடுவே சுண்ணாம்பு படிந்து ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தில் அழகாக ஒட்டியது. என் கையில் இரண்டு முறையும் பொலபொலவென்று கொட்டியது. மூன்றாவது முறையும் கொட்டினால் தலைப்பையே மாற்றிக்கொள் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். போட்ட உழைப்பெல்லாம் போச்சு என்று அர்த்தம்.

அந்த மூன்றாவது முறை தீபாவளி விடுமுறையில் வந்து மாட்டியது. ஆய்வகம் ஒரு வாரம் பூட்டு. மணலுக்கோ தினமும் காலையில் கரைசல் ஊற்றியாக வேண்டும். கெஞ்சி அனுமதி வாங்கி, மணல் நிரப்பிய மூன்று பிவிசி குழாய்களையும் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, தெப்ராவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டில் பாக்டீரியா உண்டு. மூன்றாவதில் கிடையாது, அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. மற்றபடி மூன்றுக்கும் ஒரே மணல், ஒரே கரைசல்.

யூரியா சிதைந்தால் அம்மோனியா வரும். விருந்தாளிகள் முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு மூக்கைச் சுளித்தார்கள். அப்பா பக்கத்து வீட்டுப் பூனை மேல் பழியைப் போட்டார். அம்மா வேளைக்கு இரண்டு தடவை சாம்பிராணி போட்டார். நாற்றம் ஏற ஏற எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. பாக்டீரியா உயிரோடு இருக்கிறதே.

ஏழாம் நாள் காலை பொறுமை போய்விட்டது. பாக்டீரியா உள்ள ஒரு குழாயின் மேல்மணலில் இரண்டு சொட்டு வினிகர் விட்டேன். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். சுர்ரென்று நுரைத்தது. அப்பாவின் கையைப் பிடித்து அடுப்பங்கரையைச் சுற்றி ஆடினேன். பேராசிரியைக்குக் குரல் செய்தி அனுப்பினேன், அதில் பாதி என் சிரிப்புதான்.

அம்மாவுக்கும் முகமெல்லாம் பல்.

"எனக்குத் தெரியும் லா. தினம் விளக்கேத்திட்டு குழாய்ல ஒரு சிட்டிகை திருநீறு போட்டேன்ல."

சாமியறைக்கு ஓடினேன். தட்டிலிருந்த திருநீற்றில் ஒரு சொட்டு வினிகர் விட்டேன். கடைப் பாக்கெட் திருநீற்றில் சுண்ணாம்புத் தூள் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அதுவும் சுர்ரென்று நுரைத்தது. அப்படியானால் குழாயில் நுரைத்ததும் வெறும் திருநீறாக இருக்கலாம். நான் கத்திய கத்தலை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. 

இனிக் குழாயை அறுத்துப் பார்ப்பதுதான் வழி. அப்பா ரம்பத்தோடு வந்தார். முதல் குழாய் இரண்டாகப் பிரிந்தது. மணல் தூணாக நின்றது. விரலால் தட்டினேன், டொக் என்றது. இரண்டாவதும் நின்றது. குதிக்க வேண்டிய நான் குதிக்கவில்லை. நிறுத்தியது பாக்டீரியாவா, திருநீறா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

"எந்தக் குழாய்லம்மா போட்டீங்க?"

"மூணுலயும்தான். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம விட்டா பாவம் இல்லையா?"

அப்பா மூன்றாவதை அறுத்தார். குழாய் திறந்ததும் மணல் முழுவதும் அவர் காலிலேயே சரிந்தது.

நான் அந்த மணல்மேலேயே குதித்தேன். திருநீறு மூன்றிலும் இருந்தது, பாக்டீரியா இல்லாதது மட்டும் விழுந்தது. ஒன்றில் போடாமல் விட்டிருந்தால் என் ஒப்பீடு குப்பைக்குப் போயிருக்கும். அம்மாவை அப்படியே தூக்கப் பார்த்தேன், முடியவில்லை, இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சிரித்தோம். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அம்மா மட்டும் அந்த மணல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கும் போட்டேனே, அப்படியென்றால் திருநீறு வேலை செய்யவில்லையா என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க மூணுக்கும் சமமா போட்டதாலதாம்மா என் படிப்பு பொழச்சுச்சு."



"அப்ப வேலை செஞ்சிருக்குதானே" என்று சொல்லிவிட்டு, அம்மா துடைப்பம் எடுக்கப் போனார்.