ராஜபாளையத்து இத்தாலிக் குத்து

1993 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு ராஜபாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கினேன். மேற்கே மலை முழுக்க வெயில் வந்துவிட்டது. ஊருக்குள் இன்னும் இறங்கவில்லை. மதுரையிலிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக்கூடப் பார்க்காமல் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

நான் மதுரையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. குத்துச்சண்டை மட்டும் பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடி நானே படித்த பாடம். போன மாதம் செயின் மாற்ற வந்த ஒரு மில் தொழிலாளி, "எங்க ஊரு மில்லுல இத்தாலிக் குத்துல்லா பழகுதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே பயணம் முடிவாகிவிட்டது.

இத்தாலிக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் உள்ள மரியாதை சின்னதல்ல. மலையடிக் கிராமத்தில் பிறந்து, சர்க்கஸில் பாரம் தூக்கிப் பிழைத்து, 1930களில் உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார் ஆறரை அடி மனிதர் ஒருவர். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன் ஒருவர், ஒரு சண்டைகூடத் தோற்காமல் ஓய்வு பெற்றார். ரோம் ஒலிம்பிக்கில் சொந்த மண்ணில் மூன்று தங்கம். போன நாட்டில் தன் பெயரைச் சொன்னால் மேடை கிடைக்காது என்று வேறு பெயரில் சண்டை போட்டவர்களும் உண்டு. அந்த வித்தை எந்தக் கப்பலேறி ராஜபாளையம் வந்தது?

"மெஷினோட வந்துச்சு அண்ணாச்சி" என்றார் கிரிகோரி. மில்லில் நூல் சுற்றும் பிரிவின் ஃபிட்டர். அந்த மில் தொழிலாளி சொல்லி வைத்திருந்ததால் டீக்கடை வாசலில் எனக்காகக் காத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் இத்தாலியிலிருந்து புது இயந்திரம் வந்தபோது, அதைப் பொருத்த ரென்சோ என்று ஒருவர் கூடவே வந்தாராம். அந்த ஆறரை அடி மனிதரின் ஜில்லாக்காரர். "வேலை முடிஞ்சா மனுசனுக்குப் பொழுது போவணும்லா? எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி வச்சுக் குத்துனாரு. பொறவு எங்களையும் குத்தச் சொன்னாரு."

மில்லுக்குப் பின்னால் தகர ஷெட். உள்ளே உத்தரத்திலிருந்து ஐம்பது அறுபது காலிக் காகிதக் கோன்கள் நூலில் தொங்கின. ஒன்றைத் தட்டினால் பத்து ஆடும். அவற்றுக்கு நடுவே தலையைச் சாய்த்து, குனிந்து, நழுவிப் போகவேண்டும். நூல் அறுந்தால் தோற்றதாகக் கணக்கு. ரென்சோ ஊருக்குப் போனபின்னும் கோன்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அவற்றுக்குள் நழுவிக்கொண்டிருந்தவர் செல்லத்துரை. இருபத்து நான்கு வயது, கல்யாணமாகி இரண்டு மாதம். அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குச் சண்டை. ஜெயித்தால் மாவட்ட அணி. மில்லிலிருந்து போன மற்றவர்கள் எல்லாரும் முந்தின சுற்றுகளிலேயே தோற்றுவிட்டார்கள்.

"மேனேஜர் சொல்லிட்டாரு" என்றார் கிரிகோரி. "இந்த வருசமும் ஒருத்தன்கூட அணிக்குப் போகலைன்னா ஷெட்டு சைக்கிள் ஸ்டாண்டாம்."

சைக்கிளால் பிழைக்கிற எனக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

மில் தராசில் செல்லத்துரை சரியாக ஐம்பத்தேழு கிலோ நின்றார். அதுதான் அவர் பிரிவின் எல்லை. முந்தின நாள் மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அளந்துதான் குடித்திருந்தார். ஒன்பது மணிக்குப் பேருந்து ஏறினோம். நான் வந்த வழியே திரும்பப் பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். செல்லத்துரையின் கையுறைகளைப் பார்த்த நடத்துநர், "குத்துறதுன்னா இறங்கிக் குத்துங்கப்பா, சில்லறை இல்லாதவனை மட்டும் நான் காட்டுதேன்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும்தான் சிக்கல் தொடங்கியது. போட்டிக்கு எடை பார்ப்பது பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில். அங்கே போகிற வழியில் செல்லத்துரையின் மாமியார் வீடு. புது மாப்பிள்ளை மாமியார் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் ரெண்டு ஊரும் பேசும். "தலையைக் காட்டிட்டு வந்துருவோம்ணே" என்றார் செல்லத்துரை. "தலையை மட்டும்" என்றார் கிரிகோரி.

மாமியார் முத்துமாரியம்மாள் இலை போட்டு வைத்திருந்தார். "கல்யாணத்துக்குப் பொறவு இப்பந்தானே வாரீக? செத்த நேரம் உக்காருங்க மாப்பிள்ளை." இட்லி வந்தது. பின்னாலேயே தொன்னையில் சூடு ஆறாத பால்கோவா. எதிரே நின்று மருமகன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லத்துரை கிரிகோரியைப் பார்த்தார். கிரிகோரியின் வாயிலும் பால்கோவா. "ஒரு வாய்ல என்ன ஆயிரும்?" என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டாவது தொன்னையை நானும் தடுக்கவில்லை. என் கையில் மூன்றாவது இருந்தது.

கிட்டங்கித் தராசின் முள் ஐம்பத்தேழைத் தாண்டி நானூறு கிராமில் நின்றது.

"பதினொரு மணிக்கு எடை முடியும். அதுக்குள்ள குறைச்சா உண்டு. இல்லைன்னா கண்ணனுக்கு வெற்றி" என்றார் நடுவர். கண்ணன் என்பவர்தான் எதிராளி, ஸ்ரீவில்லிபுத்தூர் விசைத்தறிக்காரர். ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஓடி ஒரு கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து, "இதை மாட்டிக்கிட்டு ஓடச் சொல்லுங்க. சும்மா நின்னு ஜெயிக்கதுக்கு நான் வரல" என்று கிரிகோரியிடம் நீட்டினார்.

மே மாதத்து வெயில், கம்பளிச் சட்டை, ரத வீதி. தேர் இழுக்கப் பார்த்திருக்கிற அந்தத் தெரு, மருமகன் ஓடுவதை அன்றுதான் பார்த்தது. சேதி கேட்டு முத்துமாரியம்மாள் குடையோடு ஓடிவந்தார். "நான் பாவி, ஊட்டிவிட்டே கெடுத்துட்டேனே!" கிரிகோரி அவருக்கு ஒரே வேலை கொடுத்தார்: தெருவில் யாரும் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் தரக்கூடாது.

பிறகு நான் கண்டதை எந்த ஊரிலும் காண முடியாது. சொம்போடு வந்த ஒவ்வொருவரையும் மாமியார் குடையால் மறித்தார். "குடிக்காதீக மாப்பிள்ளை! துப்புங்க!"

"ஏட்டி முத்துமாரி, கட்டுன மருமவனுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க மாட்டேங்கியே, நீ மனுசியா?" என்று எதிர்வீட்டம்மாள் கேட்டார்.

"காலைல மனுசியா இருந்துதான்க்கா இந்தக் கதி!"

பதினொன்றுக்குச் சற்று முன்னால் செல்லத்துரை தராசில் ஏறினார். முள் ஆடி ஆடி ஐம்பத்தேழில் வந்து நின்றது. மாமியார்தான் முதல் சொம்பை நீட்டினார்.

மாலை ஐந்து மணிக்குச் சண்டை. மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டு முழுக்கக் கண்ணனுடையது. நல்ல வலு, மறைவில்லாத அடி. செல்லத்துரைக்குக் காலே இல்லை. காலையில் ரத வீதியிலேயே அதைத் தொலைத்துவிட்டார். மூலைக்கு வந்து உட்கார்ந்தவரிடம் கிரிகோரி குனிந்து, "ஏலே, குத்தாத. ஷெட்டுக்குள்ள நிக்கேன்னு நெனச்சுக்க. நூல் அறாம இரு, போதும்" என்றார்.

இரண்டாம் ரவுண்டில் செல்லத்துரை நடு மேடையில் நின்ற இடத்திலேயே நின்றார். தோள் மட்டும் சாய்ந்தது, தலை மட்டும் நழுவியது. கண்ணனின் கை காதோரம் போனது, தலைக்கு மேலே போனது. தவறிய ஒவ்வொரு அடிக்கும் பதிலாகச் செல்லத்துரையின் இடது கைக் குத்து ஒன்று, சுருக்கென்று. பத்திரிகைகளில் பல வருஷம் வாசித்துப் புரியாத ஒன்று அப்போது எனக்குப் புரிந்தது. இத்தாலிக்காரர்களின் பேர் அடித்த அடியில் மட்டும் இல்லை, வாங்காமல் விட்ட அடியிலும் இருக்கிறது. மூன்றாம் ரவுண்டில் கண்ணன் காற்றைக் குத்தியே களைத்துப் போனார். மூன்று நடுவரில் இருவர் செல்லத்துரைக்குக் கொடுத்தார்கள்.

கூட்டம் உள்ளூர்க் கூட்டம், ஆனாலும் கை தட்டியது. முத்துமாரியம்மாள் மட்டும் மேடைப் பக்கமே பார்க்கவில்லை. கடைசி வரை குடைக்குள் இருந்தார். செல்லத்துரை இறங்கி வந்து, "அத்தை, பால்கோவா மிச்சம் இருக்கா?" என்று கேட்டதும்தான் குடை மடங்கியது.

ஆறரைக்குப் பேருந்து நிலையம். எனக்கு மதுரை வண்டி, அவர்களுக்கு ராஜபாளையம் வண்டி. வீட்டுக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கினேன், பத்து ரூபாய். அப்போது உதடு வீங்கிய கண்ணன் அங்கே வந்து நின்றார்.

"அண்ணே, அந்த நழுவுறது... அதை எங்க பழகுதீக?"

கிரிகோரி செல்லத்துரையைப் பார்த்தார். அடுத்த வருஷமும் இந்த இரண்டு பேருக்கும் நடுவேதான் சண்டை வரும் என்று மூவருக்கும் தெரியும். செல்லத்துரை கம்பளிச் சட்டையை மடித்துக் கண்ணனிடம் கொடுத்தார்.

"வண்டில ஏறும்வே. ஷெட்டு இனி எங்கயும் போவாது" என்றார்.

கண்ணன் ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் அவரும் செல்லத்துரையும் ஒரே பால்கோவாப் பொட்டலத்தில் கைவிட்டுத் தின்றபடி போனார்கள்.

நான் மதுரை வந்து சேர்ந்து சில நாளாகிறது. எங்கள் தெருவிலும் குத்துச்சண்டை உண்டு; எல்லாம் டீக்கடைப் பெஞ்சில், வாயால் நடப்பது. நேற்றுக் கடையின் உத்தரத்தில் ஒரு பழைய சைக்கிள் பெல் மூடியை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் தலையில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறார்கள். இன்று காலை பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர் மட்டும், பேச்சை நிறுத்தாமலே தலையைச் சாய்த்து நழுவி உள்ளே வந்தார். ராஜபாளையமா என்று கேட்டேன். இல்லையாம், மதுரைதான்.